சுவரில் உள்ள ஓட்டையும் மேல்மாடியில் உறங்கும் பிள்ளையும்

ஊரில் வீடு கட்டும்போது குசினியைப் பெரிய வீட்டிலிருந்து சற்று விலக்கிக் கட்டுவது எம்மவர் வழக்கம். அடுப்புப் புகை ஓட்டு இடுக்குகளால் வெளியேறிவிடும். தப்பித்தவறி நெருப்புப் பிடித்தாலும் முற்றத்துக்கு ஓடிவிடலாம். கிணறு பக்கத்திலே இருக்கும். அயலட்டையில் உள்ளவர்கள் வாளியும் கையுமாக ஓடி வருவார்கள்.

லண்டனில் எமது வாழ்க்கை அப்படியானதல்ல. ஃபாரஸ்ட் கேட்டில் எம்மில் பலர் குடியிருப்பது விக்ரோறியா மகாராணி காலத்துத் தொடர் வீடுகளில். ஒரு குடும்பத்துக்கெனக் கட்டப்பட்ட வீடு இன்று இரண்டு, மூன்று பிளற்றுகளாகப் பிரிந்திருக்கிறது. அல்லது அறை அறையாக வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது. கீழே ஒரு குடும்பத்தின் குசினி. அதற்கு நேர் மேலே இன்னொரு குடும்பத்தின் பிள்ளைகள் படுக்கும் அறை. எல்லோருக்கும் பொதுவாக ஒரேயொரு படிக்கட்டு. முற்றமும் இல்லை, கிணறும் இல்லை.

இந்த வீடுகளின் சுவர்களையும் தளங்களையும் நூறு வருடங்களுக்கு மேலாகப் பலரும் துளைத்து வந்திருக்கிறார்கள். முதலில் காஸ் விளக்குக்கும் தண்ணீருக்கும் குழாய். பிறகு மின்சார வயர். அதன்பின் வெந்நீர்க் குழாய், ரெலிபோன் வயர், டிஷ் அன்ரனா வயர், இப்போது இணைய வயர். துளைத்தவர்கள் பலர், அடைத்துவிட்டுப் போனவர்கள் சிலர். இந்த ஓட்டைகளைப் பற்றியே இம்முறை எழுதுகிறோம். பார்வைக்குச் சின்ன விடயம். ஆனால் நெருப்புப் பிடிக்கும் இரவில் பெரிய விடயம்.

எமது தெருவின் பழைய துயரம்

நாம் நாளாந்தம் கடந்து போகும் ஃபாரஸ்ட் லேனில் இன்று ஒரு பூங்கா இருக்கிறது. முன்னர் அவ்விடத்தில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. அதற்கும் முன்னர் ஏழைப் பிள்ளைகளைத் தங்கவைத்துத் தொழில் பழக்கும் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. 1890ஆம் ஆண்டு பிறந்த அதே இரவில் அங்கே தீ பற்றியது. கீழே தொடங்கிய தீயின் புகை, மேலே பையன்கள் உறங்கிக்கொண்டிருந்த மண்டபத்துக்கு ஏறியது. 26 பையன்கள் இறந்து போனார்கள். அவர்களுக்கு வயது 7 முதல் 12 வரை.

எமது காலத்திலும் இதே பாடம் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டிருக்கிறது. 2009ஆம் ஆண்டு ஆடி மாதம் 3ஆம் திகதி தென்லண்டனில் கம்பர்வெல் என்னும் இடத்தில் லக்கனால் ஹவுஸ் என்ற மாடிக் கட்டடம் எரிந்தது. ஒரு வீட்டின் தொலைக்காட்சியில் தொடங்கிய தீ அது. மூன்று பிள்ளைகள் உட்பட ஆறு பேர் இறந்தார்கள். ஒரு வீட்டுத் தீயை அந்த வீட்டுக்குள்ளேயே மறித்து வைக்க வேண்டிய தடுப்புகள் பல இடங்களில் பழுதாகியோ இல்லாமலோ இருந்தமை பின்னர் நடந்த விசாரணைகளில் தெரியவந்தது. கட்டடத்துக்குப் பொறுப்பான சதர்க் கவுன்சில் 2017இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டியது. அதே 2017இல் ஆனி மாதம் 14ஆம் திகதி கிரென்பெல் கோபுரம் எரிந்து 72 உயிர்கள் போயின. அந்தத் தீ தொடங்கியது நாலாம் மாடியில் ஒரு குசினியில். இறந்தவர்களில் எம்மைப்போல வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல.

சின்ன ஓட்டை என்ன செய்யும்?

நெருப்பை விடப் புகையே முதலில் ஆளைக் கொல்லும். எரியும் அறையில் சூடான புகை வீங்கி அழுத்தம் கூடும். அது கதவிடுக்கு, பைப்பைச் சுற்றிய இடைவெளி, கூரைத் தட்டில் இருக்கும் லைற் ஓட்டை என்று அகப்பட்ட வழியெல்லாம் வெளியேறப் பார்க்கும். கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் நடுவே உள்ள ஓட்டை, அந்த நேரத்தில் ஒரு புகைபோக்கியாகவே மாறிவிடும். புகையில் இருக்கும் காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறக்கத்தில் இருப்பவர் அதைச் சுவாசித்தால் எழும்பாமலே போய்விடக் கூடும்.

பிளாஸ்ரிக் பைப்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வெறும் நாளில் அது ஓட்டையை நிரப்பிக்கொண்டு நிற்கும். தீ வந்தவுடன் இளகி உருகிவிடும். கழிவறைப் பைப்பின் அகலம் 110 மில்லிமீற்றர். அது உருகிப்போனால் அதே அளவுக்குத் தளத்தில் ஓட்டை விழும். செம்புக் குழாய் வீட்டுத் தீயில் இலகுவில் உருகாது. அதைச் சுற்றியுள்ள இடைவெளியை ஒழுங்காக அடைத்தால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்கு விளக்கமாக ‘அங்கீகரிக்கப்பட்ட ஆவணம் பி’ என்றொரு நூலை அரசாங்கம் வெளியிட்டிருக்கிறது. தீப்பாதுகாப்புப் பற்றிய நூல் அது. அதன் சாரம் இதுதான்: தீயை மறிக்க வேண்டிய சுவரிலும் தளத்திலும் துளைகள் எவ்வளவு குறைவாக இருக்கலாமோ அவ்வளவு குறைவாக இருக்க வேண்டும், இருப்பவை எவ்வளவு சிறிதாக இருக்கலாமோ அவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும், எல்லாமே தீ புகாதபடி அடைக்கப்பட வேண்டும்.

எல்லாச் சுவருக்கும் இந்த விதி ஒரேமாதிரிப் பொருந்தாது. முக்கியமானவை நான்கு. ஒன்று, எமக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பொதுவான சுவர். இரண்டு, ஒரு பிளற்றுக்கும் மற்றப் பிளற்றுக்கும் இடையிலுள்ள சுவரும் தளமும். மூன்று, கூரைக்கடியில் அறை கட்டிய மூன்று தட்டு வீடுகளிலும், அறை அறையாக வாடகைக்கு விட்ட வீடுகளிலும் படிக்கட்டைச் சுற்றியுள்ள சுவர். நான்கு, வீட்டோடு ஒட்டிய கராஜ் இருந்தால் அந்தச் சுவர். இவை கட்டடத்தின் உயரத்தையும் அமைப்பையும் பொறுத்து 30 நிமிடமோ 60 நிமிடமோ தீயைத் தாங்க வேண்டும். தனிக் குடும்பம் இருக்கும் இரண்டு தட்டு வீட்டில் உள்தளத்துப் பைப் ஓட்டைகளுக்கு இந்த அளவு கடுமை இல்லை. என்றாலும் அங்கேயும் அடைத்து வைப்பது நல்லது.

பழைய வீட்டைப் புதிய விதிப்படி முழுவதும் மாற்றிக் கட்டும்படி யாரும் கேட்பதில்லை. ஆனால் புதிதாக ஒரு வேலை செய்யும்போது தீப்பாதுகாப்பை முன்னிருந்ததை விட மோசமாக்கக் கூடாது. பிளற்றுகள் உள்ள கட்டடத்தின் பொதுப் பகுதிகளுக்கும், பலர் பகிர்ந்து வாழும் வீட்டின் பொதுப் பகுதிகளுக்கும் 2005ஆம் ஆண்டின் தீப்பாதுகாப்புக் கட்டளை பொருந்தும். அது 2006 ஐப்பசி முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி பொறுப்பானவர் தீ ஆபத்து மதிப்பீடு செய்ய வேண்டும். கட்டடத்தின் உடலும் வெளிச்சுவரும் பிளற்றின் வாசற்கதவும் அந்த மதிப்பீட்டில் அடங்கும் என்பதை 2021ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாக்கியது.

எங்கே பார்க்க வேண்டும்?

ஒரு சனிக்கிழமை காலையில் ஒரு ரோர்ச் லைற்றை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். அரை மணித்தியாலம் போதும்.

முதலில் படிக்கட்டின் கீழுள்ள அலுமாரி. மின்சார மீற்றரும் பியூஸ் பெட்டியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வயர்கள் மேலே ஏறும் இடத்தில் ஓட்டை திறந்தபடி இருக்கிறதா? அதே அலுமாரிக்குள் அரிசி மூட்டை, பழைய உடுப்பு, கடதாசிப் பெட்டி எல்லாம் அடுக்கி வைக்கும் பழக்கம் எம்மிடம் உண்டு. தீ பிடித்தால் தப்பியோட வேண்டிய ஒரே வழிக்குக் கீழே நாமே விறகு அடுக்குவது போன்றது அது. 2016 முதல் புதிதாகப் பூட்டும் பியூஸ் பெட்டி எரியாத பொருளால், பொதுவாக இரும்புத் தகட்டால், ஆனதாக இருக்க வேண்டும். பழைய பிளாஸ்ரிக் பெட்டி இருந்தால் மின்சார வேலைகாரரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

அடுத்தது குசினி. தொட்டிக்குக் கீழே உள்ள அலுமாரியின் பின்பலகையை ரோர்ச் அடித்துப் பாருங்கள். பைப் சுவருக்குள் நுழையும் இடத்தில் கைவிரல் போகக்கூடிய இடைவெளி இருக்கும். போயிலரின் பைப்புகள் மேலே ஏறும் இடத்தையும் பாருங்கள். பொரியல், தாளிப்பு என்று எமது சமையலில் எண்ணெய் கூட. குசினியில் தீ தொடங்கும் வாய்ப்பும் கூட.

குளியலறையிலும் கழிவறையிலும் பெரிய பைப்பைப் பலகையால் பெட்டியடித்து மறைத்திருப்பார்கள். வெளியே பார்த்தால் வடிவாக இருக்கும். உள்ளே தளம் முழுவதும் வெட்டி விட்டபடி கிடக்கும். பெட்டியில் கழற்றக்கூடிய சின்னக் கதவு இருந்தால் திறந்து பாருங்கள்.

பிறகு கூரைத் தட்டு. கூரைக்குள் பதித்த சிறிய லைற்றுகள் இப்போது நாகரிகமாகிவிட்டன. ஒவ்வொரு லைற்றும் தட்டில் ஒரு ஓட்டை. மேலே வேறு பிளற் இருந்தால் தீயைத் தாங்கும் வகை லைற் போட வேண்டும். அல்லது லைற்றுக்கு மேலே அதற்குரிய மூடி வைக்க வேண்டும்.

கடைசியாகக் கூரைக்கும் முகட்டுக்கும் இடையிலுள்ள வெளி. சில பழைய தொடர் வீடுகளில் இரு வீட்டுக்கும் பொதுவான சுவர் முகடுவரை எழும்பாமல் இடையில் நின்றுவிடும். அல்லது வயர் இழுப்பதற்காகக் கல்லைக் கழற்றியிருப்பார்கள். அப்படியானால் பக்கத்து வீட்டுத் தீ முகட்டு வழியாக எமது வீட்டுக்கு வந்துவிடும்.

எதைக்கொண்டு அடைப்பது?

சீமெந்துச் சாந்து, ஜிப்சம் பிளாஸ்ரர், கல்நார் அல்லாத பாறைப் பஞ்சு, கண்ணாடிப் பஞ்சு போன்றவை விதிநூலில் சொல்லப்பட்ட அடைப்புப் பொருட்கள். ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு நீர். தீ சுடும்போது அந்த நீர் ஆவியாகித் தீயை ஆறப் போடும். இவற்றோடு சூட்டில் ஊதிப் பெருக்கும் மாஸ்ரிக் ஒன்றும் உண்டு. கடையில் ‘இன்ருமெசென்ற் மாஸ்ரிக்’ என்று கேட்டால் தருவார்கள். சாதாரண நாளில் இறப்பர் போல இருக்கும். தீ பட்டால் வீங்கி இடைவெளியை இறுக்கிவிடும்.

சுவரைத் துளைத்துப் போகும் வயரும் செம்புக் குழாயும்: பெரிய இடைவெளியானால் முதலில் பாறைப் பஞ்சை இறுக்கி அடைத்து, அதன்மேல் இருபக்கமும் இந்த மாஸ்ரிக்கைப் பூச வேண்டும். எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்பது குழாய் உறையிலே எழுதப்பட்டிருக்கும். அதை மீறக் கூடாது.

பிளாஸ்ரிக் பைப்: உள் அகலம் 40 மில்லிமீற்றருக்கு மேற்படாத பைப்பைச் சுற்றி இடைவெளியை இறுக அடைத்தால் போதும் என்று விதிநூல் பொதுவாகச் சொல்கிறது. கைகழுவும் தொட்டியின் பைப் 32 மில்லிமீற்றர், குசினித் தொட்டியின் பைப் 40 மில்லிமீற்றர். ஆகவே இவை தப்பிவிடும். அதிலும் பெரிய கழிவறைப் பைப்புக்கு ‘கொலர்’ என்னும் இரும்பு வளையம் பூட்டுவது வழக்கம். அதற்குள் ஊதும் பொருள் இருக்கும். பைப் உருகும்போது அது வீங்கிப் பைப்பை நெரித்து ஓட்டையை மூடிவிடும். தளமானால் கீழ்ப்பக்கத்திலும், சுவரானால் இருபக்கத்திலும் பூட்ட வேண்டும்.

துப்பாக்கியால் அடிக்கும் நுரையைப் பற்றி ஒரு வார்த்தை. வேலைகாரர்கள் பலர் எல்லா ஓட்டைக்கும் அதையே அடித்துவிட்டுப் போகிறார்கள். சாதாரண மஞ்சள் நுரை நன்றாக எரியும், புகையும் கக்கும். தீக்குரியது என்று விற்கும் றோஸ் நிற நுரையும் பெரும்பாலும் ஒடுங்கிய நீள வெடிப்புகளுக்கே பரிசோதிக்கப்பட்டது. பைப்பைச் சுற்றி அடிக்கலாம் என்று உறையில் எழுதியிருந்தாலன்றி அடிக்க வேண்டாம். பழைய துணி, கடதாசி, பொலித்தீன் அடைப்பது அடைக்காமல் விடுவதிலும் கேடு.

இவற்றைத் தொட வேண்டாம்

ஓட்டை என்றதும் எல்லாவற்றையும் அடைத்துவிடக் கூடாது. குளிர்காலத்தில் காற்று வருகிறது என்று வெளிச்சுவரில் உள்ள காற்றுத் துவாரங்களைத் துணியால் மூடும் வழக்கம் எம்மவரிடம் உண்டு. காஸ் அடுப்பும் போயிலரும் எரிய அந்தக் காற்று தேவைப்படலாம். அதை மூடினால் தீயில்லாமலே காபனோரொட்சைட் வீட்டுக்குள் நிறையும். போயிலரின் புகைக் குழாயையும் அதைச் சுற்றியுள்ள வேலையையும் காஸ் சேவ் பதிவு பெற்ற வேலைகாரர் தவிர வேறு எவரும் தொடக் கூடாது.

இன்னொன்று கல்நார். அஸ்பெஸ்ரஸ் என்று இங்கே சொல்வது அதைத்தான். பிரித்தானியாவில் அது முற்றாகத் தடைசெய்யப்பட்டது 1999இல். அதற்கு முற்பட்ட வீடுகளில் பலகைகளிலும் பழைய பைப் உறைகளிலும் கோலம்போட்ட தட்டுப் பூச்சிலும் அது இருக்கலாம். சந்தேகமான பலகையை அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம். அதன் தூசு பல வருடங்கள் கழித்து நெஞ்சில் நோயாக வெளிப்படும். மின்சார வயர் மூட்டையிலும் சுயமாகக் கைவைக்க வேண்டாம்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு

சுவரிலும் தளத்திலும் உள்ள ஓட்டையைச் சரிசெய்ய வேண்டியவர் வீட்டுக்காரர். வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் கடிதமாகவோ கைத்தொலைபேசிச் செய்தியாகவோ எழுதுங்கள். திகதி, முகவரி, எந்த அறையில் எந்த இடத்தில் ஓட்டை என்பவற்றோடு ஒரு படமும் அனுப்புங்கள். பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் எழுத வராவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை நான்கு வரியில் எழுதித் தரும். அது மொழிக்குப் பயிற்சியுமாகும்.

முறையிட்டால் வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்கள், விசாவுக்குப் பிரச்சினை வரும் என்ற பயம் எம்மவரிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. அகதியாக வந்தவர்களுக்கு அந்தப் பயம் ஏன் வருகிறது என்பது எமக்கு விளங்கும். ஆனால் வீட்டுப் பழுதைப் பற்றி எழுதுவது குற்றமல்ல. வீட்டுக்காரர் கவனிக்காவிட்டால் கவுன்சிலின் வாடகை வீட்டுப் பிரிவு வந்து பார்க்கலாம். 2004ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டம் தீ ஆபத்தையும் வீட்டு ஆபத்துகளில் ஒன்றாகக் கணக்கெடுக்கும் அதிகாரத்தைக் கவுன்சிலுக்குக் கொடுத்திருக்கிறது. வாடகை வீடுகளுக்குப் பரவலாக அனுமதிப்பத்திரம் வேண்டுமென்று 2013 தை மாதத்திலேயே விதித்த கவுன்சில் எமது நியூஹாம்.

2022 ஐப்பசி முதலாம் திகதியிலிருந்து, வாடகை வீட்டில் ஆட்கள் வசிக்கும் ஒவ்வொரு தட்டிலும் புகை எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும். போயிலர் போன்ற நிலையான எரிகருவி உள்ள அறையில் காபனோரொட்சைட் கருவியும் இருக்க வேண்டும். பழுது என்று அறிவித்தால் வீட்டுக்காரர் திருத்தவோ மாற்றவோ வேண்டும்.

அறை வாடகைக்கு விடும் எம்மவருக்கு

வங்கிக் கடன் கட்டுவதற்காக மேல் அறைகளை எமது ஆட்களுக்கே வாடகைக்கு விடும் குடும்பங்கள் பல. வீட்டுக்காரர் தானும் குடியிருந்து இருவருக்கு மேற்படாமல் அறை கொடுத்தால் அது பொதுவாகப் பலர் பகிரும் வீடாகக் கணிக்கப்படாது. அதற்கு மேல் போனால் நிலைமை மாறும். வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த ஐந்து பேரோ அதற்கு மேலோ குசினியையோ குளியலறையையோ பகிர்ந்து இருந்தால் 2018 ஐப்பசி முதல் இங்கிலாந்து முழுவதும் அனுமதிப்பத்திரம் கட்டாயம். அதிலும் குறைந்த தொகைக்கும் கவுன்சில் விதிகள் இருக்கலாம் என்பதால் நியூஹாம் கவுன்சிலிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

எமது ஊர்ப் பையன்தானே, என்ன கேட்கப் போகிறான் என்று நினைப்பது நியாயமல்ல. அவன் எமது கூரையின் கீழ் கண்ணை மூடி உறங்குகிறான் என்றால் எம்மை நம்பித்தான் உறங்குகிறான். அவனது தாய் தகப்பன் ஊரில் இருந்து அவனை எம்மிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

வேலைகாரர் போகுமுன்

புதிய வயர் இழுக்கவோ பைப் மாற்றவோ வருபவரிடம் தொடக்கத்திலேயே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘நீங்கள் போடும் ஓட்டையை எதைக்கொண்டு அடைப்பீர்கள்?’ காசு கொடுக்குமுன் அடைத்த இடத்தைப் பாருங்கள். பெட்டியடித்து மறைப்பதற்கு முன்னரே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வீட்டை விற்கும்போதோ கவுன்சில் ஆட்கள் வரும்போதோ அந்தப் படம் பேசும்.

ஓட்டையை அடைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்தால் பயனில்லை. இரவில் படுக்கப் போகுமுன் குசினிக் கதவையும் இருக்கை அறைக் கதவையும் மூடுங்கள். சாமி விளக்கை அணையுங்கள். படிக்கட்டில் சைக்கிள், பிள்ளை வண்டில், சப்பாத்துக் குவியல் வேண்டாம். லண்டன் தீயணைப்புப் படை வீட்டுக்கு வந்து இலவசமாகத் தீப்பாதுகாப்பு ஆலோசனை தருகிறது, கேட்டுப் பெறுங்கள். தீ என்றால் பொருட்களைப் பார்க்காமல் வெளியேறி 999ஐ அழையுங்கள்.

பாறைப் பஞ்சும் இரண்டு குழாய் மாஸ்ரிக்கும் ஒரு பிறந்தநாள் கேக்கின் விலைக்குள் அடங்கும். இந்தக் கிழமை முடிவில் படிக்கட்டு அலுமாரியிலிருந்து தொடங்குங்கள்.